ஹான்ஸ் ரோஸ்லிங்கின் குமிழிகள்: நகர்கிற படம் எப்போது புரியவைக்கிறது?

சுகாதாரப் பணியாளர் பயிற்சிகளுக்குப் படங்களும் சின்னச் சின்ன அனிமேஷன்களும் செய்து கொடுப்பது என் வேலை. இந்த வேலையில் இருக்கிறவர்களிடம் என்றைக்காவது ஒருநாள் யாராவது வந்து, "அந்த ஸ்வீடன் டாக்டர் செய்வாரே, உருண்டை உருண்டையா நாடெல்லாம் நகருமே, அதே மாதிரி ஒண்ணு நமக்கும் பண்ணித் தாங்க" என்று கேட்டே தீருவார்கள். என்னிடமும் கேட்டார்கள், செய்தும் கொடுத்தேன், திரையில் எல்லாம் அழகாக நகர்ந்தது, பார்த்தவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த டாக்டர், அதாவது நாடுகளின் எண்களை நகரும் குமிழிகளாகக் காட்டிய ஹான்ஸ் ரோஸ்லிங்கின் உரைகளை ரசிகையாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, பத்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, அவர் வாய் என்ன சொல்கிறது, கை எங்கே இருக்கிறது, திரையில் என்ன அசைகிறது என்று நோட்டில் மூன்று பத்தியாகக் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். இந்த ஆய்வு அந்த நோட்டிலிருந்து வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமிழிகள் நகர ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவர் பாதி வேலையை முடித்துவிடுகிறார். அவரைப் பார்த்துச் செய்கிற நாம் மீதிப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஆளும் அவருடைய சிக்கலும்

ரோஸ்லிங் 1948இல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் பிறந்த மருத்துவர். 1972இல், மாணவராக இருந்தபோது, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்தார். முதல் வகுப்பில் ஒரு சிறுநீரக எக்ஸ்ரேயை மாட்டிவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஸ்வீடனிலிருந்து வந்த தனக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் தெரியும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தவருக்கு, பக்கத்தில் இருந்த இந்திய மாணவர்கள் சொன்ன பதில்களைக் கேட்டதும் தவறிப்போய் நிபுணர்களின் வகுப்புக்குள் நுழைந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. வெளியே வந்து விசாரித்தால் அவர்களும் இவரைப் போலவே நான்காம் ஆண்டு மாணவர்கள். மேற்கு நாடுகள்தான் முன்னால், மற்றவர்கள் பின்னால் என்று மனதில் இருந்த படம் அன்றைக்கு உடைந்தது என்று பின்னாளில் எழுதினார். அப்புறம் 1979 முதல் 1981 வரை மொசாம்பிக்கின் வடக்கே நக்காலா என்ற ஊரில் மாவட்ட மருத்துவராக இருந்தார். கால்கள் திடீரென்று செயலிழந்துபோகும் ஒரு நோய் அங்கே பரவியபோது, சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளிக் கிழங்கில் இருக்கும் சயனைடோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதைத் தேடிக் கண்டவர்களில் இவரும் ஒருவர். காசும் மழையும் இல்லாத காலத்தில் கிழங்கை ஊறவைத்துக் காயவைக்க மக்களுக்கு நேரம் இருப்பதில்லை, அதனால்தான் அந்த நோய் பஞ்ச காலத்தில் வந்தது. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எண்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று நேரில் பார்த்த மனிதர் அவர். மேடையில் அந்தக் குரலில் வருகிற அவசரம் அங்கிருந்து வருகிறது.

ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உலக சுகாதாரம் கற்பிக்க ஆரம்பித்தபோது மாணவர்களுக்கு ஒரு சின்ன முன்தேர்வு வைத்தார். ஐந்து ஜோடி நாடுகள்: இலங்கை-துருக்கி, போலந்து-தென்கொரியா, மலேசியா-ரஷ்யா, பாகிஸ்தான்-வியட்நாம், தாய்லாந்து-தென்னாப்பிரிக்கா. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நாட்டின் குழந்தை இறப்பு மற்றதைப் போல இரண்டு மடங்கு. எந்த நாட்டில் அதிகம்? அவ்வளவுதான் கேள்வி. ஸ்வீடனின் மிகச் சிறந்த மாணவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 1.8 சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலே 2.5 வரும். நாட்டுப் பெயர் எழுதிய இரண்டு வாழைப்பழத்தை ஒரு சிம்பன்சியிடம் நீட்டினால் அது பாதிக்குப் பாதி சரியாக எடுத்துவிடும், என் மாணவர்கள் அதைவிடப் பின்தங்கிவிட்டார்கள் என்று அவர் மேடையில் சொல்லும்போது அரங்கம் சிரிக்கிறது. அவர் அந்தச் சிரிப்போடு விடவில்லை. கேள்வித்தாளைப் பேராசிரியர்களிடமும் கொண்டுபோனார், அவர்கள் சிம்பன்சிக்குச் சமமாக வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் பாடம் கிடைத்தது. 2.5க்கும் கீழே வருவது என்றால் அது வெறும் அறியாமையில் வராது. அவர்கள் மனதில் ஏற்கனவே ஒரு படம் இருக்கிறது, அது தவறான படம், அதைப் பார்த்து பதில் எழுதுகிறார்கள். இலங்கை என்றதும் போர், ஏழ்மை, ஆகவே குழந்தைகள் அதிகம் இறப்பார்கள் என்று கை தானாகப் போய் டிக் அடிக்கிறது. துருக்கியில்தான் இரண்டு மடங்கு. இலவச மருத்துவம், ஊர் ஊராகப் போகும் குடும்பநல மருத்துவ மாதுக்கள், படித்த தாய்மார்கள் என்று இலங்கையின் கதையை நம்மில் பலருக்குத் தெரியும், அந்த மாணவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாதவருக்குச் சொல்வது ஒரு வேலை, தப்பாகத் தெரிந்துவைத்திருப்பவருக்குச் சொல்வது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவது வகைக்குப் புதிய படத்தைக் காட்டுவதற்கு முன்னால் பழைய படத்தை வெளியே எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டும்.

கருவி

குமிழி வரைபடத்தை நகரவைத்தது ஹான்ஸ் இல்லை, அவருடைய மகன் ஓலாவும் மருமகள் அன்னாவும். அதற்கு அவர்கள் எழுதிய மென்பொருளுக்கு டிரெண்டலைசர் என்று பெயர். 2005இல் மூவரும் சேர்ந்து கேப்மைண்டர் என்ற அறக்கட்டளையை ஆரம்பித்தார்கள். 2007 மார்ச்சில் அந்த மென்பொருளை கூகுள் வாங்கியது, கொஞ்ச காலம் கூகுள் விரிதாளிலேயே யார் வேண்டுமானாலும் நகரும் குமிழி வரைபடம் போட முடிந்தது. அந்த வரைபடங்கள் ஓடியது ஃபிளாஷ் என்ற இணைய அனிமேஷன் தொழில்நுட்பத்தில், அது 2020 முடிவில் நிறுத்தப்பட்டதும் அந்த வகைப் பழைய கோப்புகள் திறக்காமல் போயின. கேப்மைண்டர் தளத்தில் புதிய வடிவம் இலவசமாகவே இருக்கிறது.

வரைபடத்தின் அமைப்பு எளிது. ஒரு குமிழி ஒரு நாடு. எவ்வளவு பெரியதோ அவ்வளவு மக்கள்தொகை. நிறம் கண்டம். இடமிருந்து வலமாக ஓர் அளவு, கீழிருந்து மேலாக இன்னோர் அளவு. ஆண்டுகள் ஓட ஓடக் குமிழி இடம் மாறும். எண்ணிப் பார்த்தால் ஒரு தட்டையான திரையில் ஐந்து விஷயங்கள் ஒரே நேரத்தில் நிற்கின்றன, காகிதத்தில் போட்டால் இதற்கு ஐந்தாறு அட்டவணை வேண்டும்.

இதில் தொழில்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு, நானே ஆரம்பத்தில் தவறு செய்த இடம். மக்கள்தொகையைக் குமிழியின் பரப்புக்குத்தான் பொருத்த வேண்டும், விட்டத்துக்குப் பொருத்தக் கூடாது. சீனாவில் இலங்கையைப் போல 64 மடங்கு மக்கள் என்று வைத்துக்கொள்வோம். பரப்பை 64 மடங்காக்க விட்டம் 8 மடங்கு ஆனால் போதும். விட்டத்தையே 64 மடங்காக்கினால் பரப்பு 4,096 மடங்காகிவிடும், திரை முழுவதும் சீனாதான் தெரியும். கண் பரப்பைத்தான் அளக்கிறது. விரிதாள் மென்பொருளில் இதற்கு ஒரு தேர்வு இருக்கும், அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நகர்வதற்கு முன்னால்

2006 பிப்ரவரி, கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் டெட் (TED) மாநாடு, பல துறைக்காரர்கள் வந்து சின்ன உரைகள் நிகழ்த்தும் மேடை. ரோஸ்லிங் உலகம் முழுக்கத் தெரியவந்தது அந்த உரையில்தான். என் நோட்டில் அந்தப் பகுதியை அப்படியே விரித்துச் சொல்கிறேன்.

முதலில் முன்தேர்வுக் கதை. அரங்கில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் சிரிக்கும்போதே தங்கள் மனதிலும் அதே ஐந்து கேள்விக்கு ஒரு பதில் போட்டுப் பார்த்திருப்பார்கள், அதில் பாதி தவறியிருக்கும். அடுத்து அவர் மாணவர்களோடு நடந்த ஓர் உரையாடலைச் சொல்கிறார். உலகம் இன்னும் "நாம்" என்றும் "அவர்கள்" என்றும் இரண்டாகத்தான் இருக்கிறது, நாம் மேற்குலகம், அவர்கள் மூன்றாம் உலகம் என்கிறார்கள் மாணவர்கள். மேற்குலகம் என்றால் என்ன அர்த்தம் என்று இவர் கேட்கிறார். நீண்ட ஆயுள், சின்னக் குடும்பம் என்கிறார்கள். மூன்றாம் உலகம்? குறைந்த ஆயுள், பெரிய குடும்பம்.

இந்தப் பதில்தான் அப்படியே வரைபடத்தின் இரண்டு அச்சுகளாகிறது. கிடையாக ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தை என்பது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எட்டு வரைக்கும் கையால் காட்டிச் சொல்கிறார். நெட்டாகப் பிறக்கும் குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள், 30இலிருந்து 70 வரைக்கும். எந்தக் கலைச்சொல்லும் இல்லை. அச்சுகளை அவர் தேர்ந்தெடுத்ததாகவே தோன்றாது, பார்க்கிறவர்கள் மனதிலிருந்தே எடுத்துவந்து திரையில் ஒட்டியது மாதிரி இருக்கும்.

பிறகு 1962இல் படத்தை நிறுத்திவைக்கிறார். இடது மேல் மூலையில் ஒரு கூட்டம், வலது கீழே பெரிய கூட்டம். அதாவது மாணவர்கள் மனதில் இருந்த உலகம் அப்படியே திரையில் நிற்கிறது, அவர்கள் சொன்னது 1962க்கு உண்மைதான். யாரையும் முட்டாளாக்கவில்லை, நீங்கள் சொன்னது சரி, எந்த வருடத்துக்குச் சரி என்றுதான் இனிப் பார்க்கப் போகிறோம். இந்த மரியாதையை நான் மிகவும் மதிக்கிறேன். இதற்கு அப்புறம்தான் குமிழிகளை ஓடவிடுகிறார்.

ஓடும்போது அவர் சும்மா இருப்பதில்லை. குதிரைப் பந்தய வர்ணனை மாதிரி பேசுகிறார். பேச்சு வேகமாக இருந்தாலும் ஒரு நேரத்துக்கு ஒரே குமிழிதான். இதோ சீனா, இதோ பச்சைக் குமிழிகள் லத்தீன் அமெரிக்க நாடுகள், சின்னக் குடும்பத்தை நோக்கிப் போகின்றன. எண்பதுகளில் வங்கதேசத்தைக் காட்டுகிறார். தொண்ணூறுகளில் எச்ஐவி வந்து ஆப்பிரிக்க நாடுகளின் ஆயுளைக் கீழே இழுக்கிறது, குமிழிகள் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. 2003இல் நிறுத்தும்போது கிட்டத்தட்ட எல்லாரும் இடது மேல் மூலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். உடனே அவர் வெறும் இரண்டு குமிழிகளை வைத்துக்கொண்டு ஒரு தடவை திரும்ப ஓட்டுகிறார்: அமெரிக்காவும் வியட்நாமும். 1964இல் இரண்டும் திரையின் இரண்டு கோடியில். முடிவில், 2003இன் வியட்நாம், போர் முடியும் காலத்து 1974இன் அமெரிக்கா நின்ற இடத்திலேயே வந்து நிற்கிறது. அதே ஆயுள், அதே குடும்ப அளவு. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது.

இரண்டு குமிழியோடு திரும்ப ஓட்டுவது ஏன் முக்கியம் என்றால், மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் தனித்தனியாக நகரும் நாலைந்து பொருளுக்கு மேல் தொடர முடிவதில்லை, 1980களிலிருந்தே உளவியல் சோதனைகளில் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. முதல் ஓட்டத்தில் கூட்டத்தின் போக்கு புரிகிறது. இரண்டாவதில் ஆள் புரிகிறது.

2010இல் பிபிசிக்காகச் செய்த நாலு நிமிடப் படத்தில் இதே முறை இன்னும் இறுக்கமாக இருக்கிறது: 200 நாடுகள், 200 ஆண்டுகள், 1,20,000 எண்கள். காலியான ஒரு கிடங்குக்குள் நின்றுகொண்டு காற்றிலேயே வரைபடத்தைக் கையால் தொடுவது போலப் படமெடுத்திருக்கிறார்கள். இங்கேயும் 1810இல் எல்லாக் குமிழிகளும் ஏழ்மை, நோய் என்ற கீழ் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, எந்த நாட்டிலும் சராசரி ஆயுள் 40ஐத் தாண்டவில்லை. 1918இல் உலகமெங்கும் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சலில் குமிழிகள் சடாரென்று விழுந்து எழுகின்றன, அந்த ஒரு விநாடி எத்தனையோ பக்கக் கட்டுரையைவிட அதிகம் சொல்கிறது. 1948இல் நிறுத்துகிறார், தான் பிறந்த வருடம் என்பதால். வேடிக்கை மாதிரித் தெரியும், ஆனால் ஓடுகிற படத்தில் பார்க்கிறவருக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும். அங்கே யார் முன்னால், யார் பின்னால் என்று நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஓடவிடுகிறார்.

அந்தப் படத்தின் கிடை அச்சில் வருமானம்: 400 டாலர், 4,000, 40,000. இடைவெளி சமமாக இருக்கிறது, மதிப்பு ஒவ்வொரு முறையும் பத்து மடங்காகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு மடக்கை அளவுகோல் என்று பெயர், படத்தில் அந்தச் சொல்லே வரவில்லை. அதை விளக்காமல் விட்டது தந்திரம் என்று சிலர் குறை சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதம் 4,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு இன்னொரு 4,000 வந்தால் வீடே மாறும், நாலு லட்சம் வாங்கும் குடும்பத்துக்கு அதே 4,000 வந்தது தெரியவே தெரியாது. வாழ்க்கையில் பணம் வேலை செய்யும் விதமே மடங்குக் கணக்குதான், அச்சும் அப்படி இருப்பது நியாயம். ஆனால் நாம் போடும்போது "ஒவ்வொரு கோட்டுக்கும் பத்து மடங்கு" என்று ஒரு வரி வாயால் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் இடையே தூரம் கொஞ்சம்தான் என்று ஆள் எடுத்துக்கொள்வார்.

அசைவைப் பற்றி ஆய்வுகள் சொல்வது

அசையும் படம் என்றாலே நன்றாகப் புரியும் என்ற நம்பிக்கை நம் துறையில் பரவலாக உண்டு. 2002இல் உளவியலாளர் பார்பரா ட்வெர்ஸ்கியும் இரண்டு சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். நிற்கும் படத்தைவிட அசையும் படம் மேல் என்று காட்டிய பல ஆய்வுகளில், அசையும் படத்துக்குள் கூடுதல் தகவல் இருந்திருக்கிறது, அசைவால் வந்த பலன் என்று சொல்ல முடியாது என்று கண்டார்கள். அவர்கள் வைத்த இரண்டு நிபந்தனைகள் எனக்கு வேலைமேஜையில் ஒட்டிவைக்கும் அளவுக்குப் பயன்படுகின்றன: படத்தின் அமைப்பு சொல்ல வரும் விஷயத்தின் அமைப்போடு பொருந்த வேண்டும், பார்க்கிறவர் அதைப் பிடித்துக்கொள்ளும் வேகத்தில் இருக்க வேண்டும். ரோஸ்லிங்கின் படத்தில் திரையின் நேரம் வரலாற்றின் நேரத்தைக் குறிக்கிறது, இடம் மாறுவது நிலை மாறுவதைக் குறிக்கிறது. வேறு எதுவும் அசைவதில்லை. முதல் நிபந்தனை கச்சிதமாக நிறைவேறுகிறது. இரண்டாவது நிபந்தனையை மென்பொருள் நிறைவேற்றவில்லை, அவருடைய குரலும் கையும்தான் நிறைவேற்றின.

இதை நேரடியாகச் சோதித்தவர்களும் உண்டு. ஜார்ஜ் ராபர்ட்சன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் நகரும் குமிழியையும், அதே தரவை நிற்கும் படங்களாகப் போட்ட இரண்டு வகையையும் ஒப்பிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு நகர்வது பிடித்திருந்தது, உற்சாகமாக இருந்தது. ஆனால் தாங்களே தரவை அலசிப் பதில் கண்டுபிடிக்க வேண்டும் என்றபோது நிற்கும் படங்களில் வேகமாக முடித்தார்கள், நாட்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டமாக அடுக்கிய படத்தில் தவறும் குறைவாக வந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்: நிற்கும் படத்தில் கண் முன்னும் பின்னும் போய்வரலாம், நகரும் படத்தில் போனது போனதுதான், நினைவிலிருந்து எடுக்க வேண்டும்.

ரோஸ்லிங்குக்கே இது நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கு 2014 அக்டோபரைச் சொல்வேன். எபோலா உச்சத்தில் இருந்தபோது அவர் லைபீரியாவின் மன்ரோவியாவுக்குப் போய் சுகாதார அமைச்சில் உட்கார்ந்து எண்களைச் சரிபார்க்கும் வேலையைச் செய்தார். சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து எண்ணிய கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் பிரித்து வாரவாரியாகப் போட்டால் கோடு ஏற்கனவே இறங்க ஆரம்பித்திருந்தது. எந்த வேலை பலன் தருகிறது, எதைத் தொடர வேண்டும் என்று முடிவெடுக்க அந்தக் கோடு போதும். குமிழி நகர வேண்டியதில்லை. மேடையில்கூட அவர் திரையை நம்பி மட்டும் இருந்ததில்லை. 2010இல் உலக மக்கள்தொகையை விளக்க ஐகியா கடையின் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கொண்டுவந்து, ஒரு பெட்டிக்கு நூறு கோடிப் பேர் என்று மேஜைமேல் அடுக்கினார். 1960இல் பணக்கார நாடுகளின் ஒரு பெட்டிக்காரர்கள் கார் வாங்க ஆசைப்பட்டார்கள், மற்ற நாடுகளின் இரண்டு பெட்டிக்காரர்கள் காலுக்குச் செருப்பு வாங்க ஆசைப்பட்டார்கள் என்று பெட்டிக்குப் பக்கத்தில் பொம்மைக் காரையும் செருப்பையும் வைத்தார். அதுவும் அனிமேஷன்தான், கையால் செய்தது.

குமிழிக்குள் மறைவது

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரு குமிழி என்றால் அது சராசரி, சராசரிக்குள் ஊரே மறைந்துபோகும். பிபிசி படத்தின் கடைசியில் அவர் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். சீனாவின் குமிழியை மாகாணங்களாகப் பிரிக்கிறார், ஷாங்காய் இத்தாலியின் பக்கத்தில் போய் நிற்கிறது, குய்சோ பாகிஸ்தானின் பக்கத்தில். குய்சோவின் கிராமங்களை இன்னும் பிரித்தால் கானா அளவுக்கு இறங்குகின்றன. நல்ல பதில், ஆனால் நாலு நிமிடத்தில் கடைசிச் சில விநாடி.

எனக்குப் பெரிதாக உறுத்துவது வேறு: குமிழியின் அந்த வழவழப்பான நகர்வு. பழைய காலத்துக்குப் பல நாடுகளுக்கு முறையான கணக்கெடுப்பே கிடையாது, தோராய மதிப்பீடுகள்தான், கேப்மைண்டரே அதை ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் திரையில் ஸ்வீடனின் குமிழியும் கணக்கே இல்லாத ஒரு நாட்டின் குமிழியும் ஒரே உறுதியோடு நகர்கின்றன. நானும் இதே தவறைச் செய்தேன், அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று. இந்த உரைகளைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 2017இல் கேப்மைண்டர் 14 நாடுகளில் ஏறத்தாழ 12,000 பேரிடம் உலகத்தைப் பற்றி 12 கேள்வி கேட்டபோது சராசரியாக இரண்டுதான் சரியாக வந்தது. தனக்குப் புகழ் வந்த அளவுக்கு மக்களின் அறிவில் மாற்றம் வரவில்லை என்று ரோஸ்லிங்கே 2013 வாக்கில் ஒரு பேட்டியில் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் 2017 பிப்ரவரி 7இல் கணையப் புற்றுநோயால் இறந்தார். ஒரு நல்ல படம் அதை உட்கார்ந்து பார்த்தவரை மாற்றுகிறது, அடுத்த வீட்டுக்காரரை மாற்றுவதில்லை. அதற்கு ஒவ்வோர் அறையிலும் யாராவது திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

என் அறையில் நடந்தது

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான ஒருநாள் பயிற்சி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என் பங்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்து சுற்றுகளை வைத்து, கிடையாக ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தை, நெட்டாக ஆயிரத்துக்கு எத்தனை குழந்தை ஐந்து வயதுக்குள் இறக்கிறது என்று போட்டு, எல்லா மாநிலங்களையும் குமிழியாக்கி இருபத்தைந்து விநாடிக்கு ஓடவிட்டேன். பின்னணியில் மெல்லிய இசை. தலைப்பு பறந்துவந்து உட்கார்ந்தது. எந்த நிறம் எந்தப் பகுதி என்று வலது ஓரத்தில் பொடி எழுத்தில் பட்டியல். ஓடி முடிந்ததும் அறை அமைதியாக இருந்தது, முன்வரிசையில் ஒருவர் கேட்டார்: "மேடம், இதுல நம்ம எது?"

அந்த ஒரு கேள்விக்குள் என் எல்லாத் தவறும் இருந்தது. யார் மனதில் என்ன படம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அச்சுகளை அறிமுகப்படுத்தவில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று கைகாட்டவில்லை, அசைய வேண்டாதவற்றையும் அசைத்தேன். அதோடு 2005-06க்கும் 2015-16க்கும் நடுவே பத்து வருடம் இடைவெளி, அந்தப் பத்து வருடத்தைக் கணினி தானே நிரப்பிக் குமிழியை வழுக்கவிட்டிருந்தது. ஐந்து உண்மையான புள்ளிகளை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பொய்ச் சட்டகங்களை (ஃபிரேம்களை) காட்டியிருக்கிறேன்.

அடுத்த முறை புரொஜக்டரை அணைத்தே வைத்திருந்தேன். சுவரில் ஒரு சார்ட் தாள், இரண்டு கோடு. கிடையாக: பெற்றது எத்தனை. நெட்டாக: அதில் ஐந்து வயதுக்குள் போனது எத்தனை. ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் பொட்டு கொடுத்தேன். சிவப்பு பாட்டிக்கு, பச்சை அம்மாவுக்கு, கறுப்பு உங்களுக்கு அல்லது உங்கள் அக்காவுக்கு. தெரிந்தால் ஒட்டுங்கள், தெரியாவிட்டால், சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றேன். முதலில் தயங்கினார்கள். அப்புறம் ஒருவர் எழுந்துபோய் எட்டுக்கும் மூன்றுக்கும் நேராக ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினார். பிறகு வரிசை நின்றது. சிலர் அங்கேயே நின்று போன் போட்டு அம்மாவிடம் கேட்டார்கள், "ஆத்தா, பாட்டிக்கு மொத்தம் எத்தனை பேரு? சின்னதுலயே போனது எத்தனை?" என்று. பொட்டெல்லாம் ஒட்டி முடிந்தபோது சிவப்பு வலது மேலே சிதறி நின்றது, பச்சை நடுவில், கறுப்பு இடது கீழ் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு, கோடு தெரியாத அளவுக்கு.

அதற்கு அப்புறம்தான் திரையைப் போட்டேன். இந்தமுறை குமிழி வழுக்கவில்லை, ஐந்து சுற்றுக்கு ஐந்து தாவல், ஒவ்வொரு தாவலிலும் நின்று பேசினோம். இசை இல்லை. மாநிலங்கள் எல்லாம் சாம்பல் நிறம், தமிழ்நாடு மட்டும் சிவப்பு, இந்தியா கறுப்பு. 1992-93இல் இந்தியாவுக்கு ஒரு பெண்ணுக்கு 3.4 குழந்தை, ஆயிரத்துக்கு 109 இறப்பு, 2019-21இல் 2.0, 42. தமிழ்நாடு 1.8, 22. நான் எண்ணைச் சொல்வதற்கு முன்னாலேயே குமிழி எந்தப் பக்கம் தாவும் என்று கை நீட்டினார்கள். தாளில் ஏற்கனவே பார்த்துவிட்டார்கள் அல்லவா.

முடிந்து எல்லாரும் கிளம்பும்போது, வயதில் மூத்த ஒரு செவிலியர் மட்டும் தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கறுப்புப் பொட்டுக் குவியலிலிருந்து தள்ளி, தனியாக மேலே இருந்த ஒரு கறுப்புப் பொட்டை விரலால் தொட்டுக் காட்டி, "இது யாருது மேடம்?" என்று கேட்டார். யாருடையது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. "22ல இது ஒண்ணு இல்லையா" என்றார். ஆமாம் என்றேன். அவர் அந்தப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, லேசாகப் பிரிந்திருந்த அதன் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.